சிவப்பு மேலே, வெள்ளை கீழே

“ரோஜாப்பூவா?”

மாமியாரின் குரல் மேலிருந்து விழுந்தது. முப்பது வருடம் துறைமுகத்தில், எட்டு மாடி உயரக் கிரேன் கேபினிலிருந்து கீழே நிற்பவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது. வீட்டுக்குள் அந்தக் குரலுக்கு இடம் போதாது.

மருமகள் நாற்காலியில் அரை வட்டம் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கணினித் திரையில் ரோஜாக்கள் பூத்துக் குலுங்கின. நடுவில் தங்க எழுத்துகளில், ‘ஓய்வு பெறும் எங்கள் அம்மாவுக்கு’.

“அத்தை, இது மெனு. டிவிடி போட்டதும் முதல்ல வர்ற பக்கம். கொஞ்சம் அழகா இருக்க வேணாமா?”

“முப்பது வருஷமா நான் ரோஜாப்பூவா தூக்கினேன்? இரும்பு தூக்கினேன். சிமெண்டு தூக்கினேன். ஒரு தடவை உயிரோட குதிரை தூக்கினேன், கூண்டோட.”

“குதிரை வீடியோ நம்மகிட்ட இல்லையே.”

“அதுக்காக ரோஜாவா?”

சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில் ரொட்டி கடித்துக்கொண்டிருந்த கணவன் சிரிப்பை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினான். குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் எத்தனை டிகிரியில் உட்கார வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி.

“டைரக்டரம்மா, பாராட்டு கிடைச்சிடுச்சு போல.”

“நீங்க சாப்பிடுங்க.”

டைரக்டர் என்ற பட்டம் கேலிக்கு வைத்ததுதான். ஆனால் அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. பகலில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேஜை. வீட்டுக்கு வந்தால் இந்தச் சாப்பாட்டு மேஜையின் கால்பகுதி அவளுடைய ஸ்டூடியோ. கணினியின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு, அதன் குடலை நோக்கி ஒரு சின்ன மின்விசிறி காற்று ஊதிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, வீடு மாறியது, நாய்க்குட்டி வந்தது, எதுவாக இருந்தாலும் அவள் கையால் ஒரு டிவிடி ஆகாமல் முடியாது. வட்டமான தட்டு, அதன் மேல் படம், உள்ளே மெனு, மெனுவில் பொத்தான்கள். ‘கடையில வாங்கினதா?’ என்று யாராவது கேட்டால் சந்தோஷத்தில் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இந்தத் தட்டு மட்டும் வேறு.

நாளை மாலை மாமியாருக்குத் துறைமுகத் தொழிற்சங்கக் கூடத்தில் வழியனுப்பு விழா. கூடத்தில் ஒரு டிவியும் ஒரு டிவிடி பிளேயரும் உண்டு. வேறு எதையும் அதில் செருக அனுமதி கிடையாது. யாரோ எப்போதோ எதையோ செருகிப் புகை வந்ததிலிருந்து அப்படி ஒரு சட்டம். அதனால் தட்டு. அந்தத் தட்டுக்குள் போக வேண்டிய ஒரு படம், போன வாரம் ஒரு சின்ன பொட்டலத்தில் வந்திருந்தது.

“ரோஜாவை எடுத்துட்டு அதை வை” என்றாள் மாமியார். குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. “அந்தத் தூக்கை வை.”

*

அந்தத் தூக்கு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, புயல் விளிம்பு தொட்ட ஒரு பிற்பகல். ஒரு கப்பலிலிருந்து ராட்சத மின்மாற்றி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி தூரத்தில் காற்று மாறியது. யானைக் கூட்டத்தின் கனம் கொண்ட சரக்கு, அந்தரத்தில் ஊசல் ஆட ஆரம்பித்தது. கரையில் இருந்தவர்களை எல்லாம் கொட்டகைக்குள் விரட்டினார்கள். வெளியே நின்றது இரண்டே பேர். சைகை காட்டுபவர் ஒருவர். அவர் அடுத்த வருடமே ஊரை விட்டுப் போனார். இன்னொருவர் ஃபோர்மேன்.

சரக்கு நின்றது. கப்பலுக்கும் கரைக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. கொட்டகையிலிருந்து எல்லோரும் வெளியே வந்தபோது ஃபோர்மேன் வேர்த்து விறுவிறுக்க நின்று சொன்னார்:

“டிரைவர் பயந்து கை நடுங்கிப் போயிடுச்சு. நான்தான் மேல ஏறிப் பிடிச்சேன்.”

கேபினிலிருந்து இறங்கி வந்த மாமியார் இல்லை என்றாள். யார் கேட்டார்கள்? ஃபோர்மேன் சொன்னது சுவாரசியமாக இருந்தது. வருடத்துக்கு வருடம் கதை வளர்ந்தது. முதலில் ஏணியில் ஏறினார். பிறகு காற்றில் தொங்கிக்கொண்டே ஏறினார். போன வருடம் ஒற்றைக் கையால் ஏறினார். அலுவலகச் சுவரில் அந்த மின்மாற்றியின் புகைப்படத்துக்குக் கீழே அவர் பெயர்ப் பலகைதான் மாட்டியிருக்கிறது.

மாமியார் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தச் சுவர் பக்கம் போனதும் இல்லை. கேண்டீனுக்கு அதுதான் குறுக்கு வழி என்றாலும், சுற்றிப் போவாள்.

போன வாரம் வந்த பொட்டலத்தில் ஒரு பழைய கேமரா கார்டு. அன்று பக்கத்தில் நின்ற வேறொரு கப்பலின் சமையல்காரர் அனுப்பியது. வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறாராம். கார்டில் இருந்ததை அழிக்கப் போனவர் கண்ணில் இந்தப் படம் பட்டிருக்கிறது. பொட்டலத்தின் மேல் முகவரிக்குப் பதில் துறைமுகத்தின் பெயரும், ‘சிவப்புத் துணி கட்டும் கிரேன் டிரைவருக்கு’ என்ற ஒரு வரியும். வந்து சேர்ந்துவிட்டது. கேபினுக்குள் போனதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையில் சிவப்புத் துணி கட்டும் டிரைவர் அந்தத் துறைமுகத்தில் ஒருத்திதான்.

மருமகள் அந்தக் கோப்பை முதன்முதலில் திறந்தபோது மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் வலித்தது. அவள் சொல்லவில்லை.

சமையல்காரருக்குப் படம் எடுக்கத் தெரியாது. கிரேன் முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்க வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்திருந்தார். நடுவில் மின்மாற்றி ஆடுகிறது. படத்தின் உச்சியில், விளிம்போடு விளிம்பாக, கண்ணாடிக் கேபின். அதற்குள் சிவப்பு. அடியில், இடது மூலையில், கரை. அங்கே ஒரு வெள்ளை ஹெல்மெட்.

துறைமுகத்தில் எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட். வெள்ளை, ஃபோர்மேனுக்கு மட்டும்.

சரக்கு ஒரு பக்கம் போகிறது. சிவப்பு முன்னால் சாய்கிறது. கயிற்றைத் தாங்கிக் கிரேன் கைமேல் ஓடும் வண்டி சரக்கைத் துரத்திக்கொண்டு அதே பக்கம் ஓடி, அதன் தலைக்கு மேலே போய் நிற்கிறது. ஆட்டம் அடங்குகிறது. அதே நொடியில் கீழே அந்த வெள்ளை ஹெல்மெட் தன்னை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குடுகுடுவென்று ஓடி, ஒரு டிராக்டர் டயருக்குப் பின்னால் உட்கார்கிறது.

“அட கடவுளே” என்றான் கணவன். “ஏறினவர் டயர்மேலகூட ஏறலியே!”

மாமியார் சிரிக்கவில்லை. “எனக்கு விழாவுல பரிசு வேணாம். சால்வை கீல்வை எதுவும் வேணாம். அந்தக் கூடத்துல எல்லாரும் இதைப் பார்க்கணும். அவ்ளோதான்.”

“பார்ப்பாங்க அத்தை” என்றாள் மருமகள். “என் பொறுப்பு.”

சொல்வது சுலபம்.

*

விழாவுக்கு முந்தின நாள் முழுவதும் வேலை பறந்தது. சக ஊழியர்கள் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்த போன் வீடியோக்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக இருந்தன. டிவி அகலம். நெட்டுக்குத்துப் படத்தை அகலத்துக்கு இழுத்துவிட்டால் போதும் என்று கணவன் ஆலோசனை சொன்னான். இழுத்தும் காட்டினான். அவன் தங்கை, அதாவது நாத்தனார், வாழ்த்துச் சொன்ன படம் முதலில் சிக்கியது.

அப்போதுதான் உள்ளே நுழைந்த நாத்தனார் திரையைப் பார்த்து நின்றாள்.

“அண்ணி, யாரு இந்த பீரோ?”

“உங்க அண்ணன் வேலை.”

“அண்ணா, நான் உனக்கு என்ன துரோகம் பண்ணேன்? காதும் காதும் ரெண்டு ஊர்ல இருக்கு!”

இழுத்ததை எல்லாம் மருமகள் பழையபடி ஆக்கினாள். நெட்டுக்குத்துப் படத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதே படத்தின் மங்கலான நிழலை நிரப்பினாள். கோப்புகளை ஒவ்வொன்றாக டிவிடிக்குரிய வடிவத்துக்கு மாற்றினாள். சத்தம் ஒன்றில் கத்தியது, ஒன்றில் முனகியது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். ரோஜாவைத் தூக்கி எறிந்தாள்.

மெனுவுக்கு வந்தபோது அவள் விரல்கள் நின்றன.

“வெறும் படமா வைக்கவா, ஓடுற படமா வைக்கவா?”

“ஓடுற படமா? மெனுவுக்கா?” என்றான் கணவன்.

“பின்னணியில ஒரு துண்டு ஓடிக்கிட்டே இருக்கும். முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. பொத்தானை அழுத்துற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். நான் இதுவரைக்கும் பண்ணதில்ல.”

“அப்போ நாளைக்கு விழாவை வெச்சுக்கிட்டா பண்ணிப் பார்க்கணும்? உனக்குப் படம் காட்டணுமா, பந்தா காட்டணுமா?”

“ரெண்டும்.”

பின்னணிக்கு எந்தத் துண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சரக்கு ஆடத் தொடங்குவதிலிருந்து அடங்குவது வரை. ஊளையிடும் காற்றோடு. அதன் மேல் மூன்று பொத்தான்கள்: ‘வாழ்த்து’, ‘குடும்பம்’, ‘பெரிய தூக்கு’. எழுத்துகளை வழக்கம்போல ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வைத்தாள். பொத்தான் ஓரமாகப் போனால் சில டிவிகளில் பாதி தெரியாது என்பது அவளுக்கு எப்போதோ பட்டுத் தெரிந்த பாடம்.

தட்டு எழுதி முடிந்து வெளியே வந்தது. சுடச்சுட. கணினியில் போட்டுப் பார்த்தாள். மெனு வந்தது, காற்று ஊளையிட்டது, சிவப்பு சாய்ந்தது, வெள்ளை ஓடியது, சுற்றி மறுபடி முதலில் இருந்து. கடைத் தட்டுக்கூட இவ்வளவு கச்சிதமாகச் சுற்றாது.

“எப்படி?” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

“கழுத்தை நேரா வைங்க அண்ணி, பெருமையில சுளுக்கிக்கப் போகுது” என்றாள் நாத்தனார். “இதைக் குடுங்க, எங்க வீட்டு டிவில ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். எங்க டிவி சங்கக் கூடத்து டிவிக்குத் தம்பி. ரெண்டும் ஒரே தொப்பை.”

*

மறுநாள் மதியம் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் போன் அடித்தது.

“அண்ணி.” நாத்தனார் குரலில் கேலி இல்லை. “படத்துல அம்மா எங்க?”

“எந்தப் படத்துல?”

“தூக்குப் படத்துல. சரக்கு ஆடுது, கயிறு ஆடுது, எல்லாம் ஆடுது. அம்மா இல்ல. ஃபோர்மேனும் இல்ல. யாருமே இல்ல அண்ணி. சரக்கு தானா ஆடித் தானா நிக்குது.”

மருமகள் கையிலிருந்த கண் சொட்டு மருந்துச் சீட்டை மேஜையில் வைத்தாள்.

“கேபின் தெரியலையா? மேல?”

“மேல கயிறுதான் தெரியுது. கேபின் இருக்கிற இடத்துல டிவியோட பிளாஸ்டிக் இருக்கு.”

புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் காது சூடானது.

பழைய தொப்பை டிவிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரும் படத்தை முழுவதாகக் காட்டாது. நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்தைத் தன் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். அதனால்தான் பொத்தான்களை அவள் உள்ளே தள்ளி வைப்பாள். படத்துக்கு அதைச் செய்யத் தோன்றியதே இல்லை. இத்தனை வருடம் அவள் தட்டில் ஏற்றிய படங்களில் சொந்தக்காரர்கள் அனைவரும் கேமராவுக்கு நடுவில் வந்து முட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஓரத்துக்கு ஒருத்தரும் போனதில்லை. ஓரம் வெட்டுப்பட்டால் போவது ஒரு திரைச்சீலை, ஒரு நாற்காலிக் கால். யாருக்கு நஷ்டம்?

இங்கே விஷயம் முழுவதும் ஓரத்தில்தான் இருந்தது. சிவப்பு மேலோரம். வெள்ளை கீழோரம். நடுவில் இருந்ததெல்லாம் வெறும் சரக்கு.

இந்தத் தட்டை இன்று அந்தக் கூடத்தில் ஓட்டினால்? ஆளில்லாத படம் ஓடும். பக்கத்தில் ஃபோர்மேன் நின்று விளக்கம் சொல்வார்: ‘பாருங்க, இந்த இடத்துலதான் நான் ஏறினேன்.’ மாமியாரின் சாட்சி, ஃபோர்மேனின் சாட்சியாகிவிடும். அதுவும் மருமகள் கையால்.

“அத்தைக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

“சொல்லாதே.”

அவள் தலைமை டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். “அரை நாள் லீவு வேணும் டாக்டர். மாமியாரைக் காணோம்.”

“ஐயையோ! போலீசுக்குச் சொன்னீங்களா?”

“டிவியில காணோம் டாக்டர். வந்து சொல்றேன்.”

*

வீட்டில் கணவன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கணினியின் முன்னால் மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

“காலித் தட்டு எத்தனை இருக்கு?”

“ஒண்ணுதாங்க.”

“கடைக்குப் போறேன்.”

“இப்போ எந்தக் கடையில விக்கிறான்? போய் நாலு கடை ஏறி இறங்குறதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும். ஒண்ணு போதும். சொதப்பாம பண்ணணும், அவ்ளோதான்.”

செய்ய வேண்டியது எளிது. தூக்குப் படத்தைச் சுருக்க வேண்டும். முழுப் படமும், சிவப்பிலிருந்து வெள்ளை வரை, டிவி ஒளிக்காத பகுதிக்குள் அடங்க வேண்டும். சுற்றிலும் சேலைக்குப் போல அகலமான கரை. அந்தக் கரையை டிவி தின்றுகொள்ளட்டும். கரைக்குக் கறுப்பு போட்டாள். செத்த வீடு மாதிரி இருந்தது. கடல் நீலம் போட்டாள். பொருந்தியது.

சிரமம் நேரத்தில்தான். சுருக்கிய படத்தை மறுபடி மாற்ற வேண்டும். மெனுவின் பின்னணித் துண்டை மறுபடி வெட்ட வேண்டும். மொத்தமும் கோத்து, தட்டில் எழுத வேண்டும். பச்சைக் கோடு திரையில் இடமிருந்து வலமாக நகர்ந்தது. நகர்கிறது என்று சொன்னதே மரியாதைக்குத்தான்.

“ஏங்க, நகருதா நிக்குதா?”

“நகருது. உத்துப் பார்த்தா நகருது.”

“நீங்க உத்துப் பார்க்காதீங்க, பயந்து நின்னுடப் போகுது.”

கதவு தட்டப்பட்டது. மாமியார். சீருடையைக் கடைசித் தடவையாகத் தேய்த்துப் போட்டிருந்தாள்; சட்டைக் காலர் காகிதம் மாதிரி நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் வேலைக்குப் போகல. மின்விசிறி முழு வேகத்துல சுத்துது. என்ன ஆச்சு?”

கணவன் கூரையைப் பார்த்தான். மருமகள் மூச்சு விட்டாள். இவளிடம் பொய் எடுபடாது. எட்டு மாடி உயரத்திலிருந்து ஒரு கயிறு சரியாகக் கட்டப்படவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் கண்.

சொன்னாள். எல்லாவற்றையும். டிவி ஓரத்தைத் தின்னும் என்பது தனக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தும் யோசிக்கவில்லை என்பதையும்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

“சரக்கு ஆடுதுன்னு சொல்றே.”

“ஆமா அத்தை.”

“ஆடுற சரக்கை எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாதும்மா. அது போற பக்கமே கூடப் போகணும். அவசரப்பட்டு எதையும் அமுக்காதே.” பிறகு மகனைப் பார்த்தாள். “நீ அந்த மவுஸ் பக்கமே போகாதே.”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“தங்கச்சியை பீரோ ஆக்கினது யாரு?”

கோடு முனையைத் தொட்டது. கடைசித் தட்டு உள்ளே போனது. வேகம் கேட்டது மென்பொருள். கணவனின் உதடு ‘அதிவேகம்’ என்று அசைந்தது. மருமகள் இருப்பதிலேயே குறைந்த வேகத்தை அழுத்தினாள்.

“பைத்தியமா? நேரம் இல்ல!”

“அந்தக் கூடத்து பிளேயர் கிழடுங்க. அவசரமா எழுதின தட்டை அது படிக்காது, துப்பிடும். மெதுவா எழுதினாதான் ஆழமா விழும்.”

எழுதியது. முடிந்ததும் தட்டை மூடி முத்திரை வைக்கும் கடைசி வேலையையும் செய்தது. அதைச் செய்யாத தட்டு சொந்த வீட்டுக் கணினியைத் தவிர வேறெங்கும் ஓடாது. மருமகள் தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து உறைக்குள் தள்ளினாள். தொப்பை டிவியில் போட்டுப் பார்க்க நேரமில்லை.

முதல் தடவையாக, பார்க்காத தட்டு ஒன்றோடு வீட்டை விட்டு இறங்கினாள்.

*

கூடம் நிறைந்திருந்தது. மஞ்சள் ஹெல்மெட்கள் மடிமேல் வரிசையாக இருந்தன. மேடையில் சங்கச் செயலாளர். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை ஹெல்மெட்டோடு ஃபோர்மேன். டிவி அலமாரியின் சாவியும் ரிமோட்டும் அவர் பொறுப்பு. ரிமோட்டைச் செங்கோல் மாதிரி பிடித்திருந்தார்.

முதலில் அவர் பேசினார்.

“நம்ம கிரேனம்மா ரொம்ப நல்ல டிரைவர். முப்பது வருஷம்! ஒரே ஒரு நாள்தான் கை நடுங்கிச்சு. அது யாருக்கும் நடக்கும். அன்னிக்கு அடிச்ச காத்துல...” நிறுத்தி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “நான் ஏணியில கால் வெச்சேன் பாருங்க, ஏணி வளைஞ்சிடுச்சு!”

“போன வருஷம் ஏணியே இல்லன்னு சொன்னீங்களே அண்ணே” என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது. ஃபோர்மேனும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

முன்வரிசையில் மாமியார் அசையவில்லை. மடியில் கைகள் இரண்டும் லீவர் பிடித்த மாதிரி மடங்கியிருந்தன.

“இப்போ அவங்க மருமகள் ஒரு படம் செஞ்சு கொண்டாந்திருக்கு. வீட்டுலயே செஞ்சது, குறை இருந்தா பொறுத்துக்குங்க” என்று ஃபோர்மேன் தட்டை வாங்கி பிளேயரில் தள்ளினார்.

பிளேயர் இருமியது. சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. திரையில் வெறும் நீலம்.

நாத்தனார் மருமகளின் கையைப் பிடித்தாள். “துப்பிடுமா அண்ணி?”

“வாயை மூடு.”

“பயமா இருக்கா?”

“வாயை மூடுன்னேன்.”

நீலம் சிமிட்டியது. காற்று ஊளையிட்டது.

மெனு வந்தது.

கடல் நீலச் சட்டத்தின் நடுவில், முழுசாக, கிரேன். மேலே கேபின். கேபினுக்குள் சிவப்பு. கீழே கரை. கரையில் வெள்ளை. டிவி தன் இரண்டு விரல் அகலத்தை நீலத்தில்தான் தின்றது.

“இது அந்த டிரான்ஸ்பார்மர் இல்ல?” என்றார் செயலாளர், கண்ணாடியை மேலே தள்ளியபடி.

சரக்கு ஆடியது. சிவப்பு முன்னால் சாய்ந்தது. வண்டி துரத்தியது. ஆட்டம் அடங்கியது. கீழே வெள்ளை ஹெல்மெட் தன்னையே இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு குடுகுடுவென்று ஓடி டயருக்குப் பின்னால் உட்கார்ந்தது.

வரிசை வரிசையாகக் கழுத்துகள் டிவி பக்கம் நீண்டன.

ஃபோர்மேன் ரிமோட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். படத்தை ஓட்டக் கூடாது என்று மட்டும் அவருக்கு உடனே புரிந்தது. ஓட்டினால் முழுவதும் வரும். எனவே அவர் புத்திசாலித்தனமான முடிவு ஒன்றை எடுத்தார். எதையும் அழுத்தவில்லை.

“ரிமோட் வேலை செய்யலை” என்றார். “பேட்டரி போல.”

மெனு காத்திருந்தது. காத்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று மருமகள் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாளோ, அதைச் செய்தது.

மறுபடி முதலில் இருந்து.

சரக்கு ஆடியது. சிவப்பு சாய்ந்தது. வெள்ளை ஓடி உட்கார்ந்தது.

“யாருப்பா அது டயருக்குப் பின்னால?”

“வெள்ளை ஹெல்மெட்டு.”

“வெள்ளை ஹெல்மெட்டுன்னா...”

மறுபடி. இந்தத் தடவை வெள்ளை ஓடத் தொடங்கியதுமே பின்வரிசை தாளம் தட்டியது. மறுபடி. இப்போது மொத்தக் கூடமும் தரையில் கால் தட்டியது, உட்கார்ந்ததும் ‘ஹோ!’ என்று ஒரு குரல் எழுந்தது. யாரோ எழுந்து தன் மஞ்சள் ஹெல்மெட்டை அமுக்கிக்கொண்டு ஓடிக் காட்டினார். ஃபோர்மேன் பதற்றத்தில் ரிமோட்டில் கைக்கு வந்ததை அமுக்கினார். பொத்தான் விளக்கு ‘வாழ்த்து’க்கும் ‘குடும்ப’த்துக்கும் நடுவில் தாவித் தாவி எரிந்தது. பின்னணி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சுற்றியது.

சிரிப்பு மெல்ல மாறியதை மருமகள் கவனித்தாள். கீழ் மூலையைப் பார்த்துச் சிரித்த கண்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. இவர்கள் துறைமுகத்து ஆட்கள். ஆடும் சரக்கு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்.

“வண்டியை எப்போ எடுக்குது பாரு” என்றார் ஒரு இளம் டிரைவர், தனக்குத்தானே. “சரக்கு முனைக்குப் போறதுக்கு முன்னாலயே எடுக்குது. நான் எடுத்திருக்க மாட்டேன்.”

“யாருமே எடுத்திருக்க மாட்டான்” என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவர். “இந்தக் காத்துல ஒரே எட்டுல அடக்கியிருக்கு.”

மறுபடி. இப்போது யாரும் தாளம் தட்டவில்லை. சிவப்பு முன்னால் சாய்ந்தபோது கூடம் முழுவதும் அதோடு சேர்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. சரக்கு நின்றதும் கைதட்டல் வெடித்தது.

மாமியார் எழுந்தாள். மேடைக்குப் போய்க் கையை நீட்டினாள். ஃபோர்மேன் ரிமோட்டை அந்தக் கையில் வைத்தார்.

“அது... அன்னிக்கு நான்...” என்றார்.

“ஒளிஞ்சது தப்பில்ல ஃபோர்மேன்” என்றாள் மாமியார். மைக் இல்லை. அவளுக்கு எப்போது மைக் தேவைப்பட்டது? “அந்தச் சரக்குக்குக் கீழ நின்னிருந்தா நானும் ஒளிஞ்சிருப்பேன். மேல யாரு இருந்தாங்கறது மட்டும்தான் என் கேள்வி.”

ஃபோர்மேன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை வேர்த்திருந்தது. “நீதாம்மா” என்றார். கூடத்துக்குக் கேட்கவில்லை.

“சத்தமா” என்றார் செயலாளர்.

“கிரேனம்மாதான்!”

செயலாளர் இரண்டு பேரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். அவர்கள் அலுவலகச் சுவர் இருக்கும் திசையில் போனார்கள். ஒருவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

மாமியார் ‘பெரிய தூக்கு’க்கு வந்து அழுத்தினாள். முழுப் படமும் ஓடியது. பிறகு வாழ்த்துகள் ஓடின. நாத்தனார் பீரோவாக இல்லாமல் நாத்தனாராகவே வந்தாள். யாரோ மருமகளிடம் வந்து, “இதை எந்த ஸ்டூடியோல செஞ்சீங்க?” என்றார்.

“சாப்பாட்டு மேஜையில” என்றாள். கழுத்து சுளுக்கினால் சுளுக்கட்டும்.

“சங்கத்துக்கு ஒண்ணு வேணும்மா.”

“இவங்க கையில இப்போ தட்டு இல்ல” என்று கணவன் குறுக்கே வந்தான். “வாங்கினதும் டைரக்டரே செஞ்சு தருவாங்க.” இந்த முறை டைரக்டர் என்று சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

படம் முடிந்தது. தேநீர்க் கோப்பைகள் சுற்றத் தொடங்கின. நாற்காலிகள் திரும்பின. மாமியார் மருமகளைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ரிமோட்டை அவள் கையில் வைத்தாள்.

“இதை மறுபடி போடு.”

“எதை அத்தை? முதல்ல இருந்து முழுசாவா?”

“படம் எதுக்கு? அந்த மெனுவைப் போடு. போட்டுட்டு எதையும் அமுக்காதே.”

மருமகள் போட்டாள். ரிமோட்டைக் கீழே வைத்தாள். காற்று ஊளையிட்டது, சரக்கு ஆடியது, சிவப்பு முன்னால் சாய்ந்தது. முன்வரிசை நடு நாற்காலியில் மாமியார் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.